டிக்கெட்டில் தெரியாத மணித்தியாலங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பயண முகவராக இருக்கிறேன். "தம்பி, ரொறன்ரோ எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாமார். தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டோஹா வழியாகப் போனால் ஏறக்குறைய 500 கிலோமீற்றர்தான் கூடும். ஆனால் உடம்புக்குத் தூரம் தெரியாது, நேரம்தான் தெரியும்.

சர்க்கரை வருத்தமுள்ள ஒரு அம்மா டிக்கெட்டைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டிருந்தார். "விடிய 3.45க்கு வெளிக்கிட்டு, அண்டைக்கே பின்னேரம் 3.30க்கு இறங்கிறன். பன்னிரண்டு மணித்தியாலம்தானே, ஒரு நேர மருந்து காணும்." மற்ற இன்சுலின் எல்லாம் பெரிய சூட்கேசுக்குள்.

டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. அவர் போவது கோடையில், அந்த ஒன்பதரையைக் கூட்டினால் அவருடைய பயணம் 21 மணித்தியாலம் 15 நிமிடம். வீட்டுப் படியிறங்கியதிலிருந்து மகளின் வீட்டுக் கதவு வரை எண்ணினால் ஒரு முழு நாளுக்கும் மேல். ஒரு நேர மருந்தோடு அந்த அம்மாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்சுலின் முழுவதையும் கைப்பைக்கு மாற்றச் சொன்னேன், சரக்கறைக் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. எந்த நேரம் ஊசி போடுவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வைத்தியரிடம் போகும்போது மொத்தப் பயண நேரத்தைக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள். "கனடா போறன்" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் கணக்குத் தெரியாது.

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்பதுதான் அந்தக் கணக்கு, பயப்பட வேண்டாம். நடைபாதையோர இருக்கை கேளுங்கள், இடைக்கிடை எழுந்து நடவுங்கள்.

லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், சுமார் 11 மணித்தியாலம். திரும்பும்போது மேலைக்காற்று பின்னால் தள்ளுவதால் கொஞ்சம் குறையும்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் வருத்துவது நள்ளிரவு விமானங்கள். ஒரு குடும்பத்துக்கு 15ஆம் திகதி 00.40க்கு விமானம். 15ஆம் திகதி இரவு, வழியனுப்பச் சொந்தங்கள் எல்லாம் இரண்டு வான்களில் சூழ, கட்டுநாயக்க விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். விமானம் போய் இருபது மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் பெரியவர் டிக்கெட்டை நீட்டியபடி, "இண்டைக்குத்தானே பதினைஞ்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டின் மேலும் சிவப்புப் பேனையால் நானே எழுதிக் கொடுக்கிறேன்: "14ஆம் திகதி இரவு 8 மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடவும்."