கட்டி நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து கரண்ட்

மலைநாட்டுத் தலவாக்கலையில் பறித்த தேயிலைக் கொழுந்து தூளாகி, கொள்கலனில் ஏறிக் கொழும்புத் துறைமுகம் போகிறது. அங்கே அதை ஏற்ற வரும் கப்பல், கரையில் கட்டியதும் பெரிய எஞ்சினை நிறுத்திவிடும். ஆனால் புகை நிற்காது. விளக்கு, பம்பு, சமையலறை, மீனும் இறைச்சியும் உள்ள குளிர்க் கொள்கலன்கள் என எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அதற்காகத் துணை டீசல் ஜெனரேட்டர்கள் இரவு பகலாக ஓடும். நடுக்கடலில் காற்றோடு போகிற கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகளும் நுண்கரித்துகளும், இங்கே துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிறவர்களின் நெஞ்சுக்குள் இறங்குகின்றன.

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்துக்குப் பதிலாக 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உலக விதி வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் எண்ணெய் எரிவது எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

எரிப்பதையே நிறுத்தும் வழி, கரையிலிருந்து கேபிள் இழுப்பது. சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் 2000ஆம் ஆண்டிலேயே சரக்குக் கப்பல்களுக்கு இப்படி உயர் அழுத்த மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. கொள்கலன் கப்பல்களில் பெரும்பாலும் கேபிள் கப்பலிலேயே சுருட்டி இருக்கும். அதை இறக்கி, கரையிலுள்ள குழியில் செருகுவார்கள். ஓடுவது 6,600 வோல்ட். அதனால் பிளக்குக்குள் மெல்லிய காவல் கம்பிகளும் உண்டு. பிடிப்பு தளர்ந்தால் அவை முதலில் விடுபட்டு, மின்சாரத்தை உடனே துண்டித்துவிடும். அப்புறம் கப்பலின் ஜெனரேட்டரும் கரை மின்சாரமும் ஒரே தாளத்துக்கு வரும்வரை சரிசெய்து, இரண்டையும் இணைத்து, சுமையை மெதுவாகக் கரைக்கு மாற்றி, ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். ஒரு பல்புகூட அணையாது. கொதிகலன் மட்டும் எண்ணெயில் ஓடும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கை மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பெரும்பாலான கப்பல்களில் 60. அப்படியே கொடுத்தால் பம்புகளும் மோட்டார்களும் வேகம் குறைந்து ஓடும். எனவே 50ஐ 60 ஆக்கும் மாற்றி கரையில் வேண்டும். செலவில் கணிசமான பங்கு அதற்கே போகும்.

சரி, கரண்ட் எங்கிருந்து வரும்? மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தேங்கும் நீர் கென்யன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என மூன்று நிலையங்களில் அடுத்தடுத்து டர்பைனைச் சுற்றிவிட்டுக் களனி கங்கையோடு கலக்கிறது. அந்தக் கங்கை கடலில் விழுவது துறைமுகத்துக்குச் சற்று வடக்கே. தலவாக்கலையில் மறித்த நீரில் ஓடும் மேல் கொத்மலை நிலையம் ஒன்றே 150 மெகாவாட். கட்டி நிற்கும் ஒரு கொள்கலன் கப்பல் கேட்பதோ சில மெகாவாட்தான். ஆனால் கம்பியில் எல்லா மின்சாரமும் கலந்துதான் வருகிறது. தென்மேற்கு மழை கொட்டும்போது மலைநீரின் பங்கு கூடும். வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றினால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் எண்ணெயும்தான் கைகொடுக்கும். அப்போது கொழும்பின் காற்று தப்பும், நுரைச்சோலைக்காரர்களின் காற்று தப்பாது. ஆகவே இந்தத் திட்டத்தைச் சூரிய, காற்று மின்சாரத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பேன்.

2030 முதல் ஐரோப்பாவின் முக்கிய துறைமுகங்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் கொள்கலன் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும், சில விலக்குகள் தவிர, கரை மின்சாரத்தை எடுத்தாக வேண்டும். அதற்காகப் பொருத்தும் கருவி கொழும்புக்கு வரும்போதும் அந்தக் கப்பல்களில் இருக்கும். செருகும் குழியும் மாற்றியும் நம் பக்கத்து வேலை.