மல்லாட்டை (நிலக்கடலை) வேருக்குள் ஏன் சிவப்பு?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "களை வெட்டும்போது மல்லாட்டைச் செடி ஒன்று கையோடு வந்துவிட்டது. வேர் முழுக்கக் கடுகளவு உருண்டைகள். நசுக்கினால் உள்ளே சிவப்பு. இது என்ன நோய், எந்த மருந்து அடிக்கலாம்?"

எதையும் அடித்துவிடாதீர்கள். நூற்புழு தாக்கினால் வேரே வீங்கிப் பருத்திருக்கும், தனியே பிய்க்க வராது. நீங்கள் பார்த்தது விரலால் தேய்த்தாலே உதிரும் வேர்முடிச்சு. சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்; ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் பயிருக்குப் பயனில்லை. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவைச் செய்ய ஆலையில் 400 டிகிரி வெப்பமும் 100 மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் தேவை. முடிச்சுக்குள் குடியிருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா அதே அம்மோனியாவைச் சாதாரண மண் சூட்டில் செய்துவிடுகிறது. இலை காற்றிலிருந்து பிடித்த கார்பன், சர்க்கரையாகக் கீழே இறங்கி அதற்குக் கூலியாகிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல். பிணைப்பை உடைக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும், திரும்பத் தேறாது. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணுவுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) செலவாகும். அவ்வளவு ஆற்றலுக்குப் பாக்டீரியா மூச்சுவிட்டே ஆக வேண்டும். மூச்சுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து. செடி என்ன செய்கிறது தெரியுமா? நம் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் ஒன்றைத் தயாரித்து முடிச்சை நிரப்புகிறது. பெயர் லெக்ஹீமோகுளோபின். நம்முடையதைவிடப் பல மடங்கு இறுக்கமாக அது ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும். அதனால் தனியாகத் திரியும் ஆக்ஸிஜன் முடிச்சுக்குள் ஏறக்குறைய இல்லை. ஆனால் ரேஷன் கடையில் அளந்து போடுவதுபோல, பாக்டீரியாவின் மூச்சுக்கு வேண்டியது மட்டும் தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் பார்த்த சிவப்பு இதுதான். நகத்தால் கீறி உள்ளே வெள்ளையாக இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பச்சையாக இருந்தால் முடிந்துவிட்டது.

யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு கட்டுவதையே குறைத்துக்கொள்ளும். கேட்காமலே கிடைக்கும்போது சர்க்கரையை ஏன் செலவழிக்க வேண்டும்? இந்தப் பாக்டீரியா அடங்கிய ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைப்பது மலிவான வழி. யூரியா மானியத்துக்கு அள்ளிக் கொடுக்கும் அரசு, நம் செம்மண்ணுக்கு ஏற்ற பாக்டீரியா வகைகளைத் தேடும் ஆய்வுக்குக் கிள்ளியாவது கொடுக்கலாம். கண் பட்டுவிடுமென்று கொல்லையில் புள்ளி வைத்த சட்டியைக் கவிழ்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. விதை நேர்த்தியையும் செய்துவிட்டுக் கவிழ்க்கட்டும்.

அப்புறம், மல்லாட்டை போட்டாலே மண்ணுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்ந்துவிடும் என்பது பாதி உண்மைதான். பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு பருப்புக்கும் கொடிக்கும் போய்விடுகிறது. பருப்பு செக்குக்கு, கொடி மாட்டுக்கு. பிடுங்கும்போது வேரும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கொடி தின்ற மாட்டின் சாணமும் கோமியமும் அதே கொல்லைக்குத் திரும்பினால்தான் கணக்கு சரியாகும். எருக்குழியை வெயிலில் திறந்து போட்டால் அதுவும் அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். மேலே மண் போட்டு மூடி வையுங்கள்.