கருத்தடை: நாய்க்கு என்ன செய்தார்கள்?

காது நுனியில் முக்கோணமாக ஒரு துண்டு குறைந்த தெருநாயைக் கண்டால், "இதுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு" என்போம். எழுதும்போது அது 'கருத்தடை' ஆகிவிடும். இந்தச் சொல் என்ன நடக்காது என்பதைச் சொல்கிறது; என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

கரு உண்டாகாமல் தடுப்பது கருத்தடை. மாத்திரையும் கருத்தடைதான், ஆணுறையும் கருத்தடைதான். சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே தெருநாய்களுக்குத் தொடங்கிய திட்டத்துக்கு 'அனிமல் பர்த் கன்ட்ரோல்' என்று பெயர். 2001-ல் வந்த மத்திய அரசு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்தவையும் அதே பெயரில்தான் உள்ளன. மனிதருக்கான சொல் நாய்க்கும் நிலைத்துவிட்டது.

ஆணுக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: காயடித்தல். காய் என்றால் இங்கே ஆண் விலங்கின் விதை, அதாவது விந்து உண்டாகும் உறுப்பு. காளையைக் கட்டிப் படுக்கவைத்து, கட்டைகளுக்கு நடுவே நசுக்கிய வேலை அது. 'அடித்தல்' அங்கே நேர்ப்பொருளிலேயே நிற்கிறது. ஈழத்தில் நலமடித்தல் என்பார்கள். பிறகு இத்தாலியிலிருந்து வந்த பர்டிசோ இடுக்கி, தோலைக் கிழிக்காமல் விதைக்குப் போகும் குழாய்களை நசுக்கியது.

பெட்டைக்கு இப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. பசு ஈன்றால்தான் பால்; அதைத் தடுக்க உழவனுக்கு என்ன தேவை? 'மலடாக்குதல்' என்று சிலர் எழுதுகிறார்கள். பெண்களை எவ்வளவோ புண்படுத்திய சொல் அது; நாய்க்குக்கூட அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் பெட்டைக்கு 'ஸ்பே'. வாளால் வெட்டுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'நியூட்டர்' லத்தீனில் 'இரண்டில் எதுவுமில்லை'. இருபாலுக்கும் பொருந்தும் சொல்தான், பேச்சில் ஆணுக்கு ஒதுங்கிவிட்டது.

சொல் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? முட்டை உண்டாகும் சினைப்பையை விட்டுவிட்டுக் கருக்குழாயை மட்டும் கட்டினால் குட்டி வராது; ஆனால் நாய் பருவத்துக்கு வரும், வாசலில் கடுவன்கள், அதாவது ஆண் நாய்கள், கூடும், பின்னாளில் கருப்பையில் சீழ் பிடிக்கவும் கூடும். கருப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பையை விடும் முறையும் உண்டு. கடுவனுக்கு விந்துக்குழாயைத் துண்டித்தால் விதையும் அதன் சுரப்பும் (ஹார்மோன்) அப்படியே இருக்கும். சுரப்பு இருக்கட்டும் என்பதற்கும் காரணம் உண்டு: கோல்டன் ரெட்ரீவர் போன்ற நாய்களுக்கு ஓராண்டுக்குள் அதை நிறுத்தினால் மூட்டுக் கோளாறு கூடுவதாக டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. அறுவையில்லாமல் சுரப்பை அடக்க, தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற மருந்து வில்லை ஆண் நாய்க்கு ஆறு மாதமாவது வேலை செய்யும், பிறகு விளைவு மெல்லத் தீரும். கருத்தடை என்ற சொல் உள்ளபடியே பொருந்துவது இதற்குத்தான்.

ஆகவே பொதுச்சொல்லாகக் கருத்தடை இருக்கட்டும். எதை எடுத்தார்களோ அதைப் பெயரில் சொல்வோம்: ஆணுக்கு விதைநீக்கம், பெட்டைக்குச் சினைப்பை நீக்கம், குழாயை மட்டும் அடைத்தால் குழாய்த்தடை. நாயைத் திரும்ப வாங்கும்போது டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "ரெண்டு சினைப்பையும் எடுத்தாச்சா சார்? கருப்பை?" பதிலைச் சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.