எல்லையோரத் தொழில்காரர்களின் லிங்க்ட்இன் பக்கத்தில் விட்டுப்போகிற விஷயங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார், கஞ்சிக்கோடு என்று பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவிலுள்ள ஊர்களிலிருந்து பலர் தொழில் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் இருக்கும் தங்கள் பக்கத்தைச் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். சிவில் இன்ஜினியர்கள், பேனல் போர்டு வேலை எடுப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என எல்லாரும் உண்டு. வேலை தேடி வருவதில்லை. தனியாகத் தொழில் செய்கிறவர்கள், பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கிற வாடிக்கையாளர், தேடி வரவேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை. பக்கத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது மொழிகள் பகுதியைத்தான். பெரும்பாலும் அது காலியாகக் கிடக்கும். எழுதியிருந்தாலும் ஆங்கிலம் மட்டும் இருக்கும்.

"மலையாளம் பேசறதெல்லாம் ஒரு தகுதிங்களா? இங்க எல்லாரும் பேசறதுதானுங்களே" என்று ஒரு மின்சார ஒப்பந்ததாரர் கேட்டார். அவர் தமிழில் கொட்டேஷன் பேசி, மலையாளத்தில் பஞ்சாயத்து ஆபீசில் காரியம் முடித்து, ஆங்கிலத்தில் பில் போடுகிறவர். சென்னையிலோ ஓசூரிலோ இருக்கிற ஒரு கம்பெனி கொச்சியில் கிடங்கு திறக்கும்போது இப்படி ஒருவருக்காகத்தான் அலைகிறது. கேரள அலுவலகத்தில் பேசவும், திரும்பி வந்து தமிழில் விளக்கவும் அவர்களுக்கு ஆள் இல்லை. நமக்குப் பிறந்ததிலிருந்து பழகிப்போனது என்பதால் அதை எழுதாமல் விட்டுவிடுகிறோம். எல்லையோரத்தில் வாழ்கிறவரின் பெரிய பலமே இதுதான் என்று நான் நம்புகிறேன். லிங்க்ட்இன்னில் மொழிகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு மொழியிலும் எவ்வளவு தேர்ச்சி என்றும் குறிக்கலாம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரியும் என்றால் அதற்கேற்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். முதல் போன் காலிலேயே அது தெரிந்துவிடும் என்பதால் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

தேடல் எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் மட்டும் லிங்க்ட்இன்னில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தேடல் பெட்டியில் நாலு வார்த்தை தட்டினால், அந்த வார்த்தைகள் உங்கள் ஹெட்லைன் (பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரி), பதவிப் பெயர், திறன்கள், சேவைகள் ஆகிய பகுதிகளில் இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. இருப்பிடத்தையும், தேடுகிறவருக்கு நீங்கள் எவ்வளவு நெருங்கிய தொடர்பு என்பதையும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்துகிறது. அதனால் ஒரே தேடலுக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமான பட்டியல் வரும். "என் போன்ல தேடினா நான்தான் முதல்ல வர்றேன்" என்று யாராவது சொன்னால், தன் கணக்கிலிருந்தே தன்னைத் தேடியிருக்கிறார் என்று அர்த்தம். கூகிளில் வருவது வேறு கதை. அமைப்புகளில் பொதுப் பக்கம் என்ற வசதி திறந்திருந்தால்தான் கூகிள் உங்களைக் காட்டும். வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரிக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அதை மூடிவைத்து, தனித்தொழிலுக்கு வந்த பிறகும் திறக்க மறந்தவர்கள் நிறையப் பேர். பக்கத்தின் முகவரியிலும் பெயருக்குப் பின்னால் எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு வால் தொங்கும். அதை வெட்டிவிட்டுப் பெயரும் தொழிலும் மட்டும் இருக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டில் அச்சடிக்கவும் லாயக்காக இருக்கும்.

இப்போது ஹெட்லைன். 220 எழுத்துகள் வரை எழுத இடம் இருக்கிறது, ஆனால் தேடல் பட்டியலில், அதுவும் போனில், முன்பகுதி மட்டும்தான் கண்ணில் படும். கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வுபெற்று, இப்போது தனியாக பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பழுது பார்க்கிற ஒருவரின் ஹெட்லைன் இப்படி இருந்தது: "ரிட்டயர்டு மெயின்டனன்ஸ் மேனேஜர், ஹார்ட்வொர்க்கிங் அண்ட் ரிசல்ட் ஓரியன்டட் புரொஃபஷனல்." நல்ல மனிதர், வேலையில் கெட்டிக்காரர். ஆனால் ராத்திரி ஷிப்டில் கன்வேயர் நின்றுபோய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற சூப்பர்வைசர், ஹார்ட்வொர்க்கிங் என்று தேடமாட்டார். "பி.எல்.சி. சர்வீஸ் கோயம்புத்தூர்" என்று தட்டுவார். மெஷினில் ஒட்டியிருக்கிற கம்பெனி பெயரையும் சேர்த்துத் தட்டுவார். அதனால் ஹெட்லைனை இப்படி மாற்றினோம்: "பி.எல்.சி., வி.எஃப்.டி. டிரைவ் பழுதுபார்ப்பு, சீமென்ஸ், டெல்டா. கஞ்சிக்கோடு, கோவை, பொள்ளாச்சி ஆலைகளுக்கு நேரில் வருகிறேன்." பக்கத்தில் இதை ஆங்கிலத்தில்தான் போட்டோம், ஏனென்றால் இந்த வேலைக்குத் தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில்தான் தட்டுகிறார்கள். ரிட்டயர்டு என்ற வார்த்தையை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை. அத்தனை வருட உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது என்று நினைத்தார். அந்த அனுபவம் கீழே வேலை வரலாற்றில் முழுசாக இருக்கிறது, மேலே வேண்டாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். ஓய்வுபெற்றவர் என்று பார்த்ததும் கூப்பிட வந்தவர்கூட யோசிப்பார்.

நிறைய மாற்றம் செய்யும்போது, தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிப்புப் போகிற வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி எழுதிய பதவிப் பெயருக்கெல்லாம் வாழ்த்து வந்து குவியும்.

இருப்பிடம்தான் நம் பக்கத்து ஆட்களுக்குத் தலைவலி. அந்தக் கட்டத்தில் ஒரே ஓர் ஊரைத்தான் போட முடியும். வீடு கொழிஞ்சாம்பாறையில், வேலை பாதி கோவையில், மீதி பாலக்காட்டில் என்றால் எதைப் போடுவது? கோவை என்று வடிகட்டித் தேடுகிறவருக்குப் பாலக்காடு என்று போட்டவர் கண்ணில் படமாட்டார். நான் சொல்வது இதுதான்: பார்ட்டி நேரில் வந்து உங்களைப் பார்க்கிற இடம், அதாவது ஆபீசோ ஒர்க்‌ஷாப்போ எங்கே இருக்கிறதோ அந்த ஊரைப் போடுங்கள். மறுபக்கத்து ஊர்களை ஹெட்லைனிலும், அபவுட் என்ற அறிமுகப் பகுதியிலும் எழுதுங்கள். சேவைகள் என்று ஒரு பகுதியைத் தனியாகத் திறக்கலாம், காசு கிடையாது. தொலைவிலிருந்தே செய்து தரக்கூடிய வேலை என்றால் அதையும் அங்கே குறிக்கலாம். மொழிபெயர்ப்பாளர், டிராஃப்டிங் செய்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாரும் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும். எங்கேயும் ஆபீஸ் இல்லாமல் கோவையில் ஆபீஸ் என்று போடுவது மட்டும் வேண்டாம். வரும் முதல் ஆளே "எங்க சார் இருக்கீங்க, லொகேஷன் அனுப்புங்க" என்பார்.

அபவுட் பகுதியில் 2,600 எழுத்துகள் எழுதலாம். திறந்தவுடன் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதியைப் பார்க்க அழுத்தித் திறக்க வேண்டும். இங்கே நம் ஆட்கள் பிறந்த ஊர், படித்த கல்லூரி என்று பயோடேட்டாவைத் தொடங்கிவிடுவார்கள். யாருக்கு, என்ன வேலை, எந்த ஊர்களில் என்ற மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். ஒரு சிவில் இன்ஜினியருக்கு எழுதியதைச் சொல்கிறேன்: "பாலக்காடு மாவட்டத்திலும் கோவை மாவட்டத்திலும் வீடு கட்டுபவர்களுக்கு வரைபடமும் எஸ்டிமேட்டும் தயாரித்துத் தருகிறேன். இரண்டு மாநிலக் கட்டட விதிகளும் தெரியும். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்." அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

இரண்டு மாநில விதிகள் என்றதும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, கேரளத்தில் பஞ்சாயத்துகளுக்கு ஒன்றும் நகராட்சிகளுக்கு ஒன்றுமாக அதே 2019-இல் வந்த கட்டட விதிகள். இரண்டையும் படித்திருப்பது ஒரு விஷயம், இரண்டு பக்கமும் பதிவு பெற்றிருப்பது வேறு. எந்த மாநிலத்தில் உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதோ அதை மட்டும் லைசென்ஸ் என்று எழுதுங்கள். மற்ற பக்கத்தில் பதிவு பெற்றவரோடு சேர்ந்து செய்கிறேன் என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. வீட்டு உரிமையாளரின் அனுமதி உங்கள் கையெழுத்தை நம்பி நிற்கிற விஷயம் இது.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வரி போடுவது நல்லது. "இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்துக்கு பில் போட்டால் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயமாமே" என்று பயந்து கோவை வேலையையே விட்டவரை எனக்குத் தெரியும். பொருள் விற்பதற்கும் சேவை தருவதற்கும் விதி வேறு. மாநிலம் தாண்டிச் சேவை மட்டும் தருகிறவர், மொத்த விற்றுமுதல் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டாதவரை பதிவு செய்யத் தேவையில்லை என்று 2017 அக்டோபரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிவு இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள்; பெரிய கம்பெனிகள் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் கணக்கர் ஒருமுறை பார்த்துச் சொன்னபின் எழுதுங்கள்.

புகைப்படம் முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும். பின்னணியில் வைக்கிற படத்தில் மட்டும் கவனம் தேவை: பார்ட்டியின் ஆலைக்குள் எடுத்த படத்தை அவர்கள் அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

பரிந்துரை என்கிற பகுதியை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். நம்மைத் தெரியாத ஊர்க்காரர் நம்பிக்கையோடு கூப்பிடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கேட்கிற விதத்தில் கெட்டுப்போகிறது. "எனக்கு ஒரு ரெகமண்டேஷன் எழுதிக்கொடுங்க சார்" என்றால் அவரும் வெரி குட் பர்சன் என்று எழுதித் தந்துவிடுவார். வேலை முடிந்த சூட்டோடு, இன்னதை எழுதுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள்: "சார், போன மாசம் உங்க டிரைவ் பிரச்சினையில என்ன கோளாறு இருந்துச்சு, எவ்வளவு நேரத்துல லைன் ஓட ஆரம்பிச்சுது, அதை மட்டும் ரெண்டு வரி எழுதினாப் போதுங்க." இப்படி வரும் பரிந்துரையில் பழுது, மெஷின், ஊர் எல்லாம் தானாக வந்து விழும். அவர் லிங்க்ட்இன்னில் உங்களோடு நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

லிங்க்ட்இன்னில் பதிவு (போஸ்ட்) எழுதுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தினமும் குட் மார்னிங் போட வேண்டாம். பார்ட்டி உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்கு சுயசான்று அனுமதி வந்தது. கேரளத்தில் நகராட்சிகளில் 2024 ஜனவரி முதல் உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் என்ற இணையவழி முறை வந்தது. இரண்டு பக்கமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம்; இரண்டு நடைமுறைக்கும் என்ன வித்தியாசம் என்று எளிமையாக எழுதுகிற சிவில் இன்ஜினியரை அவர்கள் தேடிப் பிடிப்பார்கள். அந்தப் பதிவைப் பக்கத்தின் மேலே நிறுத்திவைக்கவும் வசதி இருக்கிறது.

வழக்கறிஞர்கள், சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்கள், டாக்டர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்துவிடக் கூடாது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 36-ஆவது விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் வழக்குக் கேட்டுப் போவதையும் தடுக்கிறது. 2008-இல் செய்த திருத்தத்தின்படி இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் என்ற அளவில் தரலாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இணையதளங்கள் வழியாக வழக்கறிஞர் சேவையை விளம்பரப்படுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தது. கணக்குத் தணிக்கையாளர்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையும், டாக்டர்களுக்கு 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் இருக்கின்றன. பார்ட்டி எழுதித் தரும் பாராட்டு, "சிறந்த", "நம்பர் ஒன்" போன்ற சொற்கள் ஆகியவற்றைப் போடுமுன் உங்கள் அமைப்பின் இன்றைய விதியை ஒருமுறை பாருங்கள். இந்தத் துறைக்காரர்களுக்கு நான் பெயர், தகுதி, இடம், மொழிகள் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பத்தே நாளில் தேடலில் முதலிடம் என்று சொல்லி பாஸ்வேர்டு கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. தானாகவே நூற்றுக்கணக்கானவர்களுக்கு அழைப்பு அனுப்புகிற மென்பொருள்களை லிங்க்ட்இன் அனுமதிப்பதில்லை, கணக்கை முடக்கிவிடலாம். அடையாளச் சரிபார்ப்பு வேண்டும் என்றால் லிங்க்ட்இன்னுக்குள்ளேயே டிஜிலாக்கரில் இருக்கும் ஆதார் வழியாக இலவசமாகச் செய்யலாம், இடைத்தரகர் தேவையில்லை. பக்கம் நன்றாக அமைந்த பிறகு போலி பார்ட்டிகளும் வருவார்கள்: பெரிய ஆர்டர் என்று சொல்லி வெண்டர் பதிவுக்கு முன்பணம் கேட்பார்கள், அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று சொல்லி க்யூ.ஆர். கோடு அனுப்பி பின் நம்பர் போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாகத் தொடர்பு எண். தொடர்பு விவரப் பகுதியில் போடும் போன் நம்பர் உங்களோடு நேரடித் தொடர்பில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கூகிள் வழியாக வருகிற புது ஆளுக்குத் தெரியாது. அவர் பக்கத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட வழியில்லாமல் போய்விடுவார். அதனால் அபவுட் பகுதியின் முடிவில் நம்பரையும் மின்னஞ்சலையும் எழுதுங்கள். வீட்டு நம்பர் வேண்டாம், தொழிலுக்கென்று தனி சிம் எடுத்து வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன் செய்திப் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். தொடர்பில் இல்லாதவர்கள் அனுப்பும் கோரிக்கைகள் அங்கே தனியாக ஒதுங்கி, வாரக்கணக்கில் யாரும் பார்க்காமல் கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.