உப்புத் தண்ணீர் பட்ட காயம்

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவர். முதல் நாள் சாயங்காலம் உப்பனாற்றில் வலையை உதறும்போது கெளுத்தி முள் புறங்கையில் குத்திவிட்டது. மஞ்சள் குழைத்துப் பத்து போட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் மதியம் என்னிடம் வரும்போது முழங்கை வரை வீக்கம். குத்திய இடத்தைச் சுற்றிக் கருநீலக் கொப்புளங்கள், உள்ளே ரத்தம் கலந்த நீர்.

“சின்ன முள்ளுதான் டாக்டரம்மா, உயிர் போவுது” என்றார்.

முள் குத்திய துளையோ மிளகு அளவுதான். காயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அந்த வலிதான் என்னைப் பயமுறுத்தியது. கல்லீரல் கோளாறு உண்டா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொள்ள, மனைவி சொன்னார்: “போன வருஷம் காமாலை வந்துச்சும்மா. குடிய இன்னும் விடல.”

அன்றே அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம். ஆய்வகச் சீட்டில் ‘மீன் முள், உப்பனாற்றுத் தண்ணீர்’ என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்து ஆய்வகத்தில், காயத்திலிருந்து எடுத்த நீரைக் கடல் கிருமிகளை வளர்க்கும் தட்டிலும் வைத்து வளர்த்தார்கள். காலராக் கிருமி அந்தத் தட்டில் மஞ்சளாக வளரும். இது பச்சையாக வந்திருந்தது. முடிவு: விப்ரியோ வல்னிஃபிகஸ்.

பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 1854-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் குடலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார் பிலிப்போ பச்சீனி. காற்புள்ளி போல வளைந்த கிருமிகளைக் கண்டு விப்ரியோ என்று குறித்தார். லத்தீனில் துடிப்பது, அதிர்வது என்று பொருள். ஒரு முனையில் இருக்கும் சாட்டை போன்ற இழையைச் சுழற்றித்தான் இவை நீந்துகின்றன. வல்னிஃபிகஸ் என்றால் காயப்படுத்துவது. 1976-ல் இதற்குப் பெயர் வைத்தபோது பெனக்கியா என்ற வேறு பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். அப்புறம் விப்ரியோவுக்கு மாற்றினார்கள். குடும்பப் பெயர் மாறியும் ‘காயம்’ மட்டும் கூடவே வந்துவிட்டது.

சாக்கடை கலப்பதால் வரும் கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. விப்ரியோக்கள் கடலுக்கே உரியவை, தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். வல்னிஃபிகஸுக்கு உப்பு வேண்டும், ஆனால் நடுக்கடல் அளவுக்கு வேண்டாம். முகத்துவாரத்து நீர் அதற்குத் தோதானது. 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பும் வேண்டும். நம் கரையில் அதற்கு என்ன குறை?

நல்ல உடம்புள்ளவர்களை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கல்லீரல் கெட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரத்தத்தில் கலந்துவிட்டால் பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஆறாத புண்ணோடு உப்பங்கழியில் இறங்கவே வேண்டாம். நண்டையும் ஆளியையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

முள்ளோ நண்டுக் கொடுக்கோ கிழித்தால் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். காயத்தைவிட வலி பெரிதாக இருந்தால், சிவப்பு மணிக்கு மணி ஏறினால், காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தவும் வேண்டாம். இதற்கு டாக்ஸிசைக்ளினோடு செஃப்டாசிடிம் போன்ற ஊசியும் சேர்த்துத் தருகிறோம், சதை அழுகினால் வெட்டி எடுக்கவும் வேண்டும்.

அந்த அண்ணனுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். விரல்கள் ஐந்தும் மடங்குகின்றன. நீங்கள் எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் “இது உப்புத் தண்ணி பட்ட காயம்” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.