பொங்கலுக்கு சீலிங்கைத் தொடாதீர்கள்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் மதுரையில் பெயின்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டுமே! சுவருக்கு அது சரி. ஓதம் ஏறிய சீலிங்குக்கு மார்கழியும் தையும் ஆகாத மாதங்கள். காங்கிரீட்டுக்குள் நின்ற ஈரம் அதற்குள் வற்றாது. அதன்மேல் பட்டியும் டெக்ஸ்சரும் (சொரசொரப்பான அலங்காரப் பூச்சு) ஏற்றினால் கொப்புளித்து அப்பளமாக உரியும். பங்குனி வரை பொறுப்பது நல்லது.

வற்றிவிட்டதா என்று பார்க்க, உரிந்ததைச் சுரண்டிவிட்டு ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் வேலையைத் தொடங்கக் கூடாது.

கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்து தட்டோட்டைப் பெயர்க்கிறவர்கள் அதிகம். மொட்டை மாடியில் இறங்கும் தண்ணீர் ஒயர் பைப் வழியாக ஓடி, எட்டடி தள்ளி ஃபேன் பாக்ஸில் சொட்டலாம். (அப்படிச் சொட்டினால் முதல் வேலை மெயினை அணைப்பது.) மழைக்கு மட்டும் நனைந்தால் மாடி, வருடம் முழுக்க நனைந்தால் மேல்தளக் குளியலறை அல்லது தொட்டிக் குழாய். மாடியில் பெரும்பாலும் குற்றவாளி கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான். சித்திரை வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்குவதால் அங்கே விரிசல் விடும். சிமென்ட் பால் ஊற்றினால் மறு கோடையில் அதுவும் வெடிக்கும். விரிசலைக் கீறி அகலமாக்கி, தூசி நீக்கி, இழுத்துக் கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். பிறகு மழைநீர்க் குழாய் வாயை அடைத்து 2 அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் கட்டிப் பாருங்கள்.

இனி கீழே. சுத்தியல் பிடியால் தட்டினால் 'தொம்' என்று கேட்கும் இடமெல்லாம் பொள்ளல்; கெட்டியான பூச்சு வரும்வரை கொத்திவிடுங்கள். கம்பி துருவேறியிருந்தால் அதைச் சுற்றி விரல் நுழையும் அளவு குடைந்து, கம்பி பிரஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, ஜிங்க் ப்ரைமர் அடிக்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மேலே எவ்வளவு நல்ல பூச்சு வைத்தாலும் தள்ளிவிடும். கம்பி கால்வாசி இளைத்திருந்தால் அது கொத்தனார் வேலையே இல்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பழைய பூச்சோடு புதியதை ஒட்டவைக்கும் பால் போன்ற ரப்பர் திரவம்) 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு, சிமென்ட் 3 பங்கு கலந்து பூசி, பிசுபிசுப்பு இருக்கும்போதே கலவையை அடிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்ட வைக்க வேண்டியதே பிரித்து விடும். கலவை சிமென்ட் 1, மணல் 3; மணல் பூச்சுக்கான பி-சாண்ட். ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் வைத்தால் தன் பாரத்திலேயே தொங்கி விழும். ஏழு நாள் நீர் தெளித்து, 28 நாள் கழித்தே பட்டி.

பூச்சு கெட்டியாக இருந்து பழுப்புக் கறை மட்டும் என்றால், வாட்டர் ப்ரைமர் போதாது. கறை கரைந்து மேலே வரும். அந்த இடத்துக்கு ஆயில் ப்ரைமர். டெக்ஸ்சரை முதலில் ஒரு பிளைவுட் துண்டில் போட்டுப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒட்டும் எல்லையைச் சதுரமாக விடாமல், ஈர ஸ்பாஞ்சால் அரை அடி வரை இழைத்துவிடுங்கள். பெயின்ட் மட்டும் சுவரிலிருந்து சுவர் வரை முழுசாக. இல்லாவிட்டால் ஜன்னல் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் தொங்கிவிட்டால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். சேனல் (பலகையைத் தாங்கும் தகரச் சட்டம்) முதல் சேனல் வரை வெட்டியெடுத்துப் புதுப் பலகை மாட்டுவதுதான் வழி.

மாசி வீதி, வெளி வீதிப் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளம்) வீடுகளுக்கு மேலே சொன்ன சிமென்ட் கணக்கு பொருந்தாது. மாடியில் தண்ணீர் கட்டவும் கூடாது. அங்கே சுண்ணாம்புக் கலவைதான். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டி மரத்தை உளுக்க வைக்கும். மரச்சட்டம் சுவருக்குள் போகும் முனையை ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் பூச்சு வேலையை நிறுத்தி, அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு ஆசாரியை அழையுங்கள்.