தீர்மானத்துக்குக் காத்திருக்கும் மூளை

2020 மார்ச் 20, மாலை 6 மணிக்குக் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் முதலில் காணாமல் போனது சத்தம்தான். கோயில் ஒலிபெருக்கி இல்லை. ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிள் மணி இல்லை. கேட்டதெல்லாம் என் போனில் வைபர் செய்தி வந்து விழும் ஓசை. அரியாலையில் எத்தனை பேருக்குத் தொற்றாம், தாவடியில் எத்தனை பேருக்காம் என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் அம்மம்மா போனை வாங்கி, நல்ல நாதஸ்வரமாக ஒன்று போடச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் தோள்பட்டை இறுக்கம் தளர்ந்தது. எப்படி?

பயப்படுத்தும் செய்தி கிடைத்ததும் மூளையில் உள்ள ஹைப்போதலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை எழுப்பும். மன அழுத்த ஹோர்மோனான கோர்ட்டிசோல் இரத்தத்தில் கலக்கும். நாய் துரத்தினால் இது நல்ல ஏற்பாடு. மதிலேறிக் குதித்ததும் எல்லாம் அடங்கிவிடும். நோய்ச் செய்தியோ நாள் முழுக்கத் துரத்துகிறது. அடங்க நேரமே கிடைக்காது. தூக்கம் கெடும், மாதக்கணக்கில் நீடித்தால் நோயெதிர்ப்புச் சக்தியும் தளரும்.

இசை முதலில் பிடிப்பது மூச்சை. தாளமில்லாமல் நீண்டு போகும் ஆலாபனையைக் கேட்கும்போது மூச்சு தன்னாலே மெதுவாகக்கூடும். மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று நிதானப்படுத்துகிறது. எனவே, மூச்சு நீண்டால் நாடியும் இறங்கும்.

அடுத்தது எதிர்பார்ப்பு. தனி ஆவர்த்தனத்தில், அதாவது தவில் தனியாக வாசிக்கும் பகுதியில், தவில்காரர் தீர்மானம் என்ற முடிப்புக் கோர்வையை மூன்று தரம் வாசித்துச் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், வந்து விழுவார். இரண்டாம் தரத்திலேயே நம் கை தட்டத் தயாராகிவிடும். 2011இல் மொன்றியலில் நடந்த ஆய்வொன்று மூளையில் இதையே பார்த்தது: இசையின் உச்சம் வருமுன்பே ஓரிடத்தில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற இரசாயனம் சுரக்கிறது, உச்சத்தில் வேறோரிடத்தில். கேட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த, நன்கு பழகிய இசையைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். (பாண் விற்க வரும் ஓட்டோவின் பீத்தோவன் மெட்டு தெரு முனையில் கேட்டதும் ஊரடங்கு நாட்களில் வந்த சந்தோஷத்தில் பசிக்கும் பங்கு உண்டு, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) மூளை அடுத்த அடிக்குக் காத்திருக்கும்வரை கவலையை மென்றுகொண்டிருக்க அதற்கு இடமில்லை.

ஆனால் இசையை மருந்தாக்கிவிடவும் கூடாது. 2013இல் 60 பெண்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், மன அழுத்தம் தரும் வேலைக்கு முன் இசை கேட்டவர்களின் நரம்பு மண்டலம் பிறகு சீக்கிரம் மீண்டது. கோர்ட்டிசோல் மட்டும் குறையவில்லை. கிருமியையோ இசை தொடாது. அந்நாட்களில் முகக்கவசம் போட்டே ஆகவேண்டியிருந்தது. செய்தியையும் நாளுக்கு ஓரிரு தடவை பார்த்தால் போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் அப்போது சொன்னது.

எனக்கு மிகவும் பிடித்தது 2006இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு. 24 பேருக்கு, நம் ராக இசை உட்பட, ஆறு வகை இசையைப் போட்டார்கள். வேகமான இசைக்கு மூச்சும் நாடியும் இரத்த அழுத்தமும் ஏறின. அது எந்த நாட்டு இசை என்பதை விட வேகமே முக்கியமாக இருந்தது. இடையில் சும்மா 2 நிமிட மௌனம் வைத்தார்கள். அப்போது நாடியும் அழுத்தமும் இசை தொடங்குமுன் இருந்ததைவிடக் கீழே இறங்கின.

அன்று நாதஸ்வரம் முடிந்த கையோடு அடுத்ததைப் போடப் போனேன். அம்மம்மா என் கையைத் தட்டிவிட்டார். "கொஞ்சம் பொறு, மோனை." வளவுக்குள் பனையோலை உரசும் சத்தம் கேட்டது.